அவுட் என்று கத்திய காலை

"அவுட்! அவுட்!" என்று எங்கள் பொடியன்கள் மைதானம் முழுக்கக் கத்தினார்கள். மூன்றாவது பேஸில் நின்றவன் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தான். பந்தை எறிந்த நானும் வலது கையை உயர்த்திக்கொண்டு நின்றேன்.

சந்தோசம் வந்தது உண்மை. ஓடுகிறவனை அவ்வளவு தூரத்திலிருந்து குறிபார்த்து அடித்தால் எங்கள் ஊரில் எவனுக்கும் சந்தோசம் வரும்.

அடிபட்டவன் பிரதீபன். என் அப்பாவின் தங்கையுடைய ஒரே பிள்ளை, எனக்கு மச்சான். அவனுடைய இடது காதுக்குப் பின்னால் பந்து பட்டிருந்தது. முகம் குப்புற மணலில் விழுந்தவன் எழும்பவில்லை.

கச்சான் காற்று வாவிப் பக்கமிருந்து சுடச்சுட அடித்துக்கொண்டிருந்தது. அது கிளப்பிய புழுதி அவன் முதுகில் படிந்தது. வழக்கமாக உடுப்பில் ஒரு தூசு பட்டாலும் தட்டிவிடுகிறவன் அவன். அன்றைக்குத் தட்டவில்லை.

கத்தல் ஒவ்வொரு வாயாக நின்றது. என் கை மட்டும் இறங்க மறந்து மேலேயே நின்றது. அப்போது வந்த பயத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். 

ஒற்றைக் கையுறை

மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிக்குடியில் பேஸ்போல் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான்.

யோகன் சேர் எங்கள் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியர். கொழும்பில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தவர், ஒரு பெரிய பையோடு பஸ்ஸால் இறங்கினார். பைக்குள் கல் மாதிரி வெள்ளைப் பந்துகள், அடிக்கிற தடி, வீங்கிப்போன தோல் கையுறைகள். கையுறைகள் எல்லாமே இடது கைக்கு உரியவை.

"மற்றக் கையுறைகளை பஸ்ஸில விட்டிட்டு வந்திட்டீங்களா சேர்?" என்று பிரதீபன் கேட்டான். கிரிக்கெட் விக்கெட் காப்பாளருக்கு இரண்டு கையிலும் கையுறை இருக்கும். இதற்கு ஒன்றுதான் என்று அவர் விளக்கி முடிக்க ஒரு பாடவேளை போய்விட்டது. எறியாத கைக்குத்தான் கையுறை. எறிகிற கை வெறுங்கை.

எங்களுக்கு அதுவரை தெரிந்தது எல்லே. சித்திரை வருடப்பிறப்பு வந்தால் எல்லே விளையாடாத ஊர் இந்தப் பக்கத்தில் இல்லை. மூங்கில் கம்பும் டெனிஸ் பந்தும் போதும். நாங்கள் விளையாடிய எல்லேயில் பந்து போட்டுக்கொடுப்பவனும் நம்முடைய ஆள்தான். அடிக்கிறவன் எங்கே கேட்கிறானோ அங்கே பக்குவமாகப் போடுவான். அடித்துவிட்டு ஓட வேண்டும். ஓடுகிறவனை எதிராளிகள் பந்தால் எறிந்து அடித்தால் அவன் அவுட்.

முதுகில் 'பொத்' என்று விழும். சிரித்துக்கொண்டே வெளியே வருவோம். டெனிஸ் பந்து அல்லவா, ஒரு சிவப்பு வட்டம் விழும், குளித்தால் போய்விடும்.

பேஸ்போலில் எல்லாம் தலைகீழ். பந்து போடுகிறவன் எதிரி. ஓடுகிறவனை எறிந்து அடிக்கக் கூடாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவனைத் தொட வேண்டும். அல்லது அவன் ஓடிச் சேர வேண்டிய கட்டத்தை, அதாவது பேஸை, மிதிக்க முதல் அங்கே நிற்கும் நம் ஆளிடம் பந்து போய்ச் சேர வேண்டும். யோகன் சேர் இதைக் கரும்பலகையில் படம் கீறிக் காட்டினார். எங்கள் தலைக்கு விளங்கியது. கைக்கு விளங்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

என் எறியைப் பார்த்தவர்கள், "வாவியில வல வீசின கை, அதுதான் இந்த எறி எறியுது" என்பார்கள். நான் வீச்சுவலை வீசினால் அது என் தலையிலேயே விழும். அப்பா பஸ் சாரதி. அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. பக்கத்து வளவு மாமரத்தைக் கேட்டால் ஒருவேளை சொல்லும்.

"நீ சாப்பிட்டியா?"

நான் எறிவேன், அடிக்கவும் அடிப்பேன். எங்கள் ஊரில் அது ஒரு விசயமே இல்லை. எல்லாரும் எல்லாம் செய்வார்கள். பிரதீபன் தன் போனில் என்னை வீடியோ எடுத்து, நான் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே, அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பத் தொடங்கினான். பதில் வராத இடமே அதிகம். "அவங்களுக்கு நேரமில்லையாக்கும், மறுகா அனுப்புவம்" என்று திரும்பவும் அனுப்புவான்.

ஒரு பதில் வந்தது. சோளக்காட்டு நடுவில் இருக்கும் ஒரு சிறிய கல்லூரி. பதில் எழுதியவர் அங்கே உதவிக் கோச், பெயர் கெவின். தன் அம்மாவின் ஊர் மட்டக்களப்புச் சித்தாண்டி என்றும், உறவுக்காரரைப் பார்க்க இலங்கை வருவதாகவும், வரும்போது என்னையும் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார்.

கெவின் அண்ணா பனை உயரம். ஆனால் வாயைத் திறந்தால் சித்தாண்டி அடுப்படித் தமிழ். அதை அவர் கற்றது அம்மாவிடம் மட்டும். அம்மா குழந்தையிடம் பேசிய தமிழ் என்பதால் 'நீங்கள்' என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. வந்து இறங்கியதும் எங்கள் யோகன் சேரின் தோளில் கைவைத்து, "நீ சாப்பிட்டியா?" என்றார். சேர் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு வாவிக்கரைக்குப் போய் நின்று சிரித்தோம்.

அவர் முதல்நாளே எனக்கு விசயத்தைச் சொல்லிவிட்டார்.

"தம்பி, எங்கட நாட்டில பதினாலு வயசிலயே பொடியனுக்குச் சொல்லிருவாங்க, எறியிறதா, அடிக்கிறதா, ஒண்டப் பிடி எண்டு. ரெண்டும் செய்யிறவன் கொஞ்சம். எறிஞ்சா தோள் நோகும், நொந்த தோளோட அடிக்க ஏலாது. அடிக்கப் பழகினா எறியப் பழக நேரமில்ல. அதுதான் கஷ்டம்."

"அப்ப நான் எதப் பிடிக்கிற அண்ணா?"

"நீ ரெண்டையும் பிடி. அடிக்கிற ஆள் மட்டும் எண்டா எங்கட பக்கத்து ஊர்லயே இரிக்கான். எறியிற ஆள் மட்டும் எண்டாலும் இரிக்கான். இவ்வளவு தூரத்தில இரிந்து ஒருத்தனக் கூப்பிட நான் பெரிய கோச்சிட்டக் கேக்கணும். ஒரு டிக்கெட்டில ரெண்டு பேர் வாறான் எண்டாத்தான் என்னால வாய் திறக்க ஏலும்."

அன்றைக்கே எனக்குப் பயம் தொற்றிவிட்டது. ஒன்றில் தவறினாலும் இரண்டும் போய்விடும். தோளில் ஒரு சின்னப் பிடிப்பு வந்தாலும் தடவித் தடவிப் பார்த்தேன். அன்றிரவுச் சாப்பாட்டில் கூட வலது கையைப் பாரமில்லாமல் வைத்துக்கொள்ள, அம்மா "என்னடா கையில?" என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

அடுத்த நாள் காலை எங்களுக்குள்ளேயே இரண்டு அணி பிரித்து விளையாடினோம். நான் எறிந்தேன். பிரதீபன் அடித்தான். பந்து மெதுவாக உருண்டு என்னிடமே திரும்பி வந்தது. இருந்த ஒரே ஹெல்மெட் அவன் தலைக்குப் பெரிது. ஓடத் தொடங்கியதும் அது கழன்று விழுந்தது.

நான் குனிந்து பந்தை எடுத்தேன். முதலாவது பேஸில் நிற்பவனுக்கு எறிய வேண்டும், அவ்வளவுதான். நான் பேஸைப் பார்க்கவில்லை. ஓடுகிற பிரதீபனைப் பார்த்தேன். எல்லேயில் கண் போகும் இடம் அதுதான். கண் போன இடத்துக்குக் கை எறிந்தது.

அங்கே நின்ற அத்தனை பேரிலும் நிலத்தில் விழுந்தவனை நோக்கி முதலில் ஓடியவர் கெவின் அண்ணாதான்.

ஆஸ்பத்திரி வாங்கு

ஓட்டோவில் பிரதீபனின் தலை என் மடியில் இருந்தது. கண் திறந்திருந்தது. பெயரைக் கேட்டால் சொன்னான். காதிலிருந்து மெல்லிய கோடாக இரத்தம் வந்து என் காற்சட்டையில் ஊறியது. "மச்சான், என்னமோ கூவுதுடா" என்றான். எதுவும் கூவவில்லை.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் அவனை ஸ்கேனுக்குக் கொண்டு போனார்கள். வெளியே போட்டிருந்த நீள மர வாங்கில் நானும் சேரும் கெவின் அண்ணாவும் இருந்தோம். என் கையை நான் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கை என்னைக் கேளாமல் ஒரு காரியம் செய்துவிட்டது. இனியும் செய்யும் என்ற பயம்.

அவன் செத்துப்போனால் என்று ஒரு எண்ணம் வந்தது. அதைத் துரத்த, அவனுடைய அம்மா, என் மாமி, வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தேன். அது இன்னும் மோசமான பயமாக இருந்தது.

மாமி வந்தார். என் மாமி சத்தமாகப் பேசுகிறவர். நாலு வீட்டுக்கு அப்பால் கோழி கூடு மாறினால் இங்கிருந்தே அதட்டுவார்.  அன்றைக்கு அவர் பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியை எல்லாருக்கும் ஊற்றினார். எனக்கும் ஒரு கப் ஊற்றி வாங்கில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

டொக்டர் வெளியே வந்து, மூளைக்கு ஒன்றும் இல்லை, காதுக்குள்தான் சேதம் என்றார். இடது காது கேட்கலாம், கேட்காமலும் போகலாம், கொஞ்ச நாள் ஓடவோ குதிக்கவோ கூடாது. மாமி தலையாட்டினார். டொக்டர் போன பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"என்னத்துக்கு அவனுக்கு எறிஞ்ச மருமகன்?"

"தெரியா மாமி. எல்லேயில எறியிற மாதிரி..."

"எனக்கு எல்லே சொல்லித் தராத. பள்ளிக்கூடத்தில பொம்புளப் புள்ளைகள்ர டீமில முதல் அடிக்கப் போனது நான்தான்." பிளாஸ்கின் மூடியைத் திருகினார். "முதுகுக்குத்தான் எறியிற. தலைக்கு ஆரும் எறிவானா?"

முதுகுக்குத்தான் எறிந்தேன். அவன் பேஸை நோக்கிக் குனிந்து பாய்ந்தான், தலை அங்கே வந்தது. அதைச் சொல்லாமல் தேத்தண்ணிக் கப்பை இடது கையால் எடுத்தேன்.

விரியாத விரல்கள்

கெவின் அண்ணா திரும்பிப் போக ஒரு நாள்தான் இடையில் இருந்தது. அந்த நாள் மாலை என்னைப் பாடசாலைச் சுவருக்குக் கூட்டிப்போய் எறியச் சொன்னார். வெறும் சுவர். பக்கத்தில் ஆள் இல்லை, ஆடு மாடு கூட இல்லை.

கையை ஓங்கினேன். விரல்கள் விரியவில்லை. பந்து என் காலடியிலேயே விழுந்தது. திரும்பவும் விழுந்தது. சுவரில் ஒரு காரை பெயர்ந்த இடம் இருந்தது. அது எனக்குக் காது மாதிரித் தெரிந்தது. சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அழுகை வந்தது.

அடிக்கச் சொன்னார். எல்லாவற்றையும் அடித்தேன். ஒரு பந்து மதிலைத் தாண்டி, றோட்டைத் தாண்டி யாரோ ஒருவருடைய கிணற்றுக்குள் போனது.

"அண்ணா, அடிக்கிறத மட்டும் வச்சுக்கொள்ளுவமா?"

அவர் என் கையிலிருந்த தடியை வாங்கினார். "அடிக்கிறவன் பக்கத்து ஊர்லயே இரிக்கான் தம்பி" என்றார்.

மாமி நடந்தார்

மறுநாள் காலை, அவர் புறப்பட முதல் கடைசியாக ஒருமுறை எறிந்து பார்க்க மைதானத்துக்குப் போனால் ஆட்கள் குறைவு. எனக்கு முன்னால் தடியோடு நிற்க ஒருவரும் இல்லை. ஒருவனுக்கு வயிற்றோட்டம். ஒருவனுக்குக் கோயிலில் நேர்த்தி. இன்னொருவன் உண்மையையே சொன்னான்: "மச்சான், எனக்குக் காது வேணும்." அவனை முதலாவது பேஸில் நிற்க மட்டும் சம்மதிக்க வைத்தோம்.

வாகை மரத்தடியில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. காதில் வெள்ளைக் கட்டோடு பிரதீபன் இறங்கினான். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தான். பின்னாலேயே மாமி. அவன் அடம்பிடித்திருக்கிறான் என்பது மாமியின் முகத்திலேயே தெரிந்தது.

தடியோடு கெவின் அண்ணாவே வந்து நின்றார். சேர் அவருக்குப் பின்னால் கையுறையோடு குந்தினார். நான் எறிந்தேன். விரல்கள் விரிந்தன, ஆனால் பந்து கெவின் அண்ணாவை விட்டு எட்ட எட்டப் போனது. ஒன்று சேரின் தலைக்கு மேலால் போய் வாவிக்கரைப் புதருக்குள் விழுந்தது. கையுறைக்கு எறியவே இல்லை நான். ஆளுக்குப் படாமல் எறிந்துகொண்டிருந்தேன்.

மரத்தடியிலிருந்து பிரதீபனின் குரல் வந்தது. "டேய்! ஓடின என்ர காதுக்குச் சரியா எறிஞ்சவன், அசையாம இரிக்கிற சேர்ட கைக்கு எறிய ஏலாதா உனக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். "வாயப் பொத்து, கத்தினா உன்ர தலை ஆடுது" என்று மாமி அவனை அதட்டினார். எனக்கும் சிரிப்பு வந்து தோள் இளகியது. அடுத்த பந்து சேரின் கையுறையில் போய் அறைந்தது. அதற்கடுத்ததும். கெவின் அண்ணா தடியைச் சுழற்றினார், பந்து அகப்படவில்லை.

அவர் தடியைக் கீழே வைத்தார். "நல்லம். இப்ப மற்றது. பந்து உருண்டு உன்னிட்ட வரும், ஆள் ஓடுவான். நீ பேஸுக்கு எறியணும்."

மைதானத்தில் ஒருவரும் அசையவில்லை.  ஓடப் போவது யார்?

"நான் ஓடுறன்" என்று பிரதீபன் எழும்பினான்.

"இரி!" மாமி அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெயிலுக்குள் வந்தார். "நான் போறன்."

"நீ வேணாம், நீ போய் இரி" என்று கெவின் அண்ணா பதறினார்.

"ஆரப் பாத்தடா நீ எண்டு சொல்ற?" என்றார் மாமி. பனை உயர மனுசன் ஒரு அடி பின்னால் போனார்.

"அக்கா, பந்து கல்லு மாதிரி" என்றார் சேர்.

"அது எனக்குத் தெரியாதா சேர்? என்ர புள்ளட காதப் பாத்தன்தானே." மாமி என் பக்கம் திரும்பினார். "அவன்ட காது போனது போனதுதான். நீயும் பயந்து ஊட்டுக்குள்ள கிடந்தா எனக்கு ரெண்டு புள்ளையும் போன மாதிரி. எறி பாப்பம்."

ஹெல்மெட்டைக் கொடுத்தோம். கொண்டையில் ஏறவில்லை என்று திருப்பித் தந்துவிட்டார்.

கெவின் அண்ணா பந்தை என்னிடம் உருட்டினார். மாமி நடக்கத் தொடங்கினார். நான் பந்தை எடுத்தேன். எறிய ஏலவில்லை. பந்தோடு ஓடிப்போய் அவருக்கு முதல் நானே பேஸை மிதித்தேன்.

"அதுவும் அவுட்தான்" என்றார் கெவின் அண்ணா. "ஆனா அவ நடந்துதான் வந்தா. ஓடுறவனுக்கு இது சரிவராது."

மாமி திரும்பிப் போய் பழைய இடத்தில் நின்றார். "மறுகா ஒருக்கா" என்றார். "இந்தமுறை ஓடிவந்தா கால முறிப்பன்."

பந்து உருண்டு வந்தது. மாமியின் இடது காது என் பக்கம். அதில் சின்னத் தங்கத் தோடு. வெயில் பட்டு அது மின்னியது, என் கண் அதைவிட்டு நகரவில்லை. கண் போன இடத்துக்குத்தான் கை போகும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. எங்கே பார்ப்பது, எங்கே பார்ப்பது என்று என்னையே கேட்டேன். காது வேண்டும் என்றவன் முதலாவது பேஸில் கையுறையை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி நின்றான். அந்தக் கையுறையை மட்டும் பார்த்தேன்.

எறிந்தேன்.

பந்து மாமிக்கு முன்னால் போனது. காற்றில் அவர் சேலை அசைந்தது. கையுறையில் 'டப்' என்று சத்தம் கேட்டது. மாமி நடையை நிறுத்தவுமில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

"பெரிய கோச்சிட்ட ரெண்டும் எண்டே கேக்கிறன் தம்பி" என்றார் கெவின் அண்ணா. அவர் சொன்னபடி கேட்டார். அதனால்தான் இதை இந்தச் சோளக்காட்டு ஊரிலிருந்து எழுதுகிறேன். இங்கே எறியவும் செய்கிறேன், அடிக்கவும் செய்கிறேன். பந்து உருண்டு என்னிடம் திரும்பி வரும்போதெல்லாம் எறிய முதல் இன்னும் கையுறையைத்தான் தேடுகிறேன்.

ஆனால் அந்தக் காலை அதோடு முடியவில்லை. நான் மாமியிடம் ஓடினேன். அவர் பேஸை மிதித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

"நான் அவுட்டா?"

"அவுட் மாமி."

"அண்டைக்கு அவன்?"

 இந்த விளையாட்டில் எறிந்து அடித்தால் ஓடுகிறவன் அவுட் ஆவதில்லை. "அவன் அவுட் இல்ல மாமி."

"அப்ப அவனிட்டப் போய்ச் சொல்லு."

மரத்தடிக்குப் போனேன். கட்டுப் போட்ட காதுதான் என் பக்கம் இருந்தது. சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போய்க் குந்தினேன்.

"மச்சான், நீ அவுட் இல்லடா."

"தெரியும்" என்றான் பிரதீபன். மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரெண்டு காதாலயும் நான் கடைசியாக் கேட்டது நீங்க அவுட் எண்டு கத்தினதத்தான்."